அழகம்மாவின் உள்தாழ்ப்பாள்

அழகம்மா பெரிய ஆசைக்காரி இல்லை. நகைநட்டு கேட்டு யாரையும் நச்சரித்ததில்லை, கொழும்பைப் பார்க்காமல் கண் மூடமாட்டேன் என்று அடம் பிடித்ததில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தனக்கென்று ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். மனுஷிக்கு இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் அவள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

பொகவந்தலாவை பஜாரிலிருந்து பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, இதற்கு மேல் என்னால் ஆகாது என்று திரும்புகிற இடத்துக்கும் மேலே இருக்கிறது அந்தத் தோட்டத்தின் மேல் பிரிவு. அங்கே வரிசை வீடாக நீளுகிற லயத்தின் கடைசிக் காம்பரா அவர்களுடையது. ஒரே அறை, முன்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இஸ்தோப்புத் திண்ணை, பின்னால் கரி பிடித்த அடுப்படி. அதற்குள் எட்டுப் பேர். தேயிலை ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற புருஷன் ஆண்டியப்பன், அவனுடைய கல்யாணமாகாத தம்பி, மகன் சுமன், மருமகள் பிரேமினி, அவர்களுடைய இரண்டு வாண்டுகள், பள்ளிக்கூடம் போகிற மகள் சுலக்ஷனா, அப்புறம் இவள். சேலை மாற்ற வேண்டுமென்றால் கயிற்றில் இன்னொரு சேலையைத் தொங்கவிட்டு அதன் பின்னால் நிற்க வேண்டும். அழ வேண்டுமென்றால் மலைக்குப் போய், கொழுந்து பறிக்கிற சாக்கில் குனிந்துகொண்டு அழுதால்தான் உண்டு. கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து அந்தக் கதவை யாரும் பகலில் சாத்திப் பார்த்ததில்லை.

இந்த ஆசைக்குப் பிள்ளையார் சுழி போட்டவன் சுமன்தான். எதிர் மேட்டில் யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் தோட்டத்திடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சின்னச் சின்னப் பலகை வீடுகளாகக் கட்டிவிட்டிருந்தார்கள். சுமனுக்கு அங்கே பெட்டி தூக்குகிற வேலை. முதல் நாள் வேலை முடிந்து வந்தவன் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினான். நம் காம்பராவை விடச் சின்ன வீடாம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் காரில் வந்து, காசையும் கொட்டிக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார்களாம். ஒருத்தர் படம் வரைகிறாராம், ஒருத்தி கம்பளி பின்னுகிறாளாம், இன்னொருத்தர் எதுவுமே செய்யாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாராம். லயமே விழுந்து விழுந்து சிரித்தது. காசு மிஞ்சிப் போனால் புத்தி கெட்டுவிடும் என்று ஆண்டியப்பன் தீர்ப்புச் சொன்னான்.

சிரிக்காத ஒரே ஆள் அழகம்மா. அந்த ஜனங்களை அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பொறாமையில் வயிறு எரிந்தது.

அடுத்த சம்பளத்தில் அவள் பஜாருக்குப் போய் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினாள். கடைக்காரர் கதவு என்ன அளவு என்று கேட்டார். கதவே இன்னும் இல்லை என்று எப்படிச் சொல்வது? சின்னக் கதவுதான் என்று சொல்லிச் சமாளித்தாள்.

லயத்துக்குப் பின்னால், காய்கறிப் பாத்தி முடிகிற இடத்தில், ஒரு பெரிய யூகலிப்டஸ் மரத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. அங்கே கம்பு நட்டு, பழைய தகரம் போட்டு, கிடைத்த பலகையை அடித்து, ஞாயிறு ஞாயிறாக ஒரு அறை எழுப்பினாள். ஆண்டியப்பன் முனகிக்கொண்டேதான் கம்பு பிடித்தான், ஆனால் பிடித்தான். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கவென்று ஓடையிலிருந்து ஒரு உருண்டைக் கல்லைத் தோளில் தூக்கி வந்து போட்டவனும் அவன்தான். படுத்தால் கால் சுவரில் முட்டும். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று ஃபெக்டரியில் கிழிந்து ஒதுக்கிய தேயிலைச் சாக்குகளைக் கொண்டு வந்து கொடுத்தான். தடித்த பழுப்புக் காகிதச் சாக்கு. அதைப் பிரித்துச் சுவர் முழுக்க ஒட்டினாள். லயத்தில் இதற்கு ‘அழகம்மா பங்களா’ என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீட்டாருக்கே தெரியாது. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கூடையை மாட்டிவிட்டார்களே, அதுவரை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனது படம் வரைய மட்டும்தான். இப்போது அடுப்புக்கரி இருந்தது, பேரப்பிள்ளைகள் ஒடித்துப் போட்ட கலர்க் கட்டிகள் இருந்தன, நாலு பக்கமும் காகிதச் சுவர் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் கை நிற்காது. சாமி படமா வரைந்தாள்? ம்ஹும், மனுஷ மூஞ்சிகள்தான். கொழுந்து நிறுக்கையில் தராசைக் காலால் அமுக்குகிற கணக்கப்பிள்ளைக்குத் தவளைக் கன்னம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சிவசாமிக்கு, எதைப் போட்டாலும் விழுங்குகிற தபால்பெட்டி வாய். பக்கத்துக் காம்பரா லெட்சுமி, கோழியும் அவளும் ஒரே முகம். வரைந்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வெளியே யாருக்கும் கேட்காது. தாழ்ப்பாள் மட்டும் போடும்போது கீச்சென்று சத்தம் போடும். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அதையும் அடக்கி வைத்திருந்தாள். நாற்பத்தேழு வயதில் அவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று வந்தது என்றால் அது அந்தக் கொஞ்ச மாதங்கள்தான்.

அதையும் விட்டுவைக்கவில்லை. எதிர் மேட்டில் காசு கொடுத்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் லயத்துக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டில்கள் கண்ணில் படுகின்றனவாம். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். கம்பெனிக்காரர்கள் தோட்டத்து மேனேஜர் துரையிடம் சொன்னார்கள், துரை வேலையை மேய்க்கிற கண்டாக்கிடம் சொன்னார், கண்டாக்கு காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வைத்துச் சொன்னார். அனுமதி இல்லாமல் கட்டிய கொட்டில் எல்லாம் உடைக்கப்படும், வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் பிரித்துக்கொண்டால் மரியாதை. ஜனங்கள் தலைவர் சிவசாமியிடம் ஓடினார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, தொண்டையைக் கனைத்து, பேசுவோம் என்றார். அவர் பேசுவோம் என்றால் ஒன்றும் நடக்காது என்று தோட்டத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

அழகம்மா யாரிடமும் ஓடவில்லை. தோட்டத்தில் எதை வேண்டுமானாலும் உடைப்பார்கள், சாமி இருக்கிற இடத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். எந்தக் காலத்திலோ ஒரு துரை, ரோட்டுக்கு இடைஞ்சல் என்று முனியாண்டி கல்லைப் பிடுங்கி எறிந்தாராம், அந்த வாரமே அவருடைய ஜீப் பள்ளத்தில் உருண்டதாம். நிஜமோ பொய்யோ, புதிதாக வருகிற ஒவ்வொரு கண்டாக்குக்கும் இந்தக் கதையை யாராவது சொல்லிவிடுவார்கள். இதை நினைத்துக்கொண்டு அழகம்மா கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த அந்த உருண்டைக் கல்லை எடுத்து உள்ளே நிறுத்தினாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், சுலக்ஷனாவின் பழைய பாவாடையில் சிவப்புத் துண்டு கிழித்துக் கட்டினாள். தேயிலைச் செடி வெட்டுகிற கொழுந்தனின் கவ்வாத்துக் கத்தியைக் கல்லுக்குப் பக்கத்தில் குத்தி, நுனியில் எலுமிச்சம்பழம் செருகினாள். ஆண்டியப்பன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். வம்பு எதற்கு என்று கேட்டான். ஆனால் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கண்டாக்கு, இடித்துத் தள்ள இரும்பு அலவாங்கு தூக்கிய ஆட்களோடு வந்தார். கோழிக்கூடு, விறகுக் கொட்டில், ஆட்டுப் பட்டி என்று வரிசையாகச் சரிந்தன. லெட்சுமியின் கோழிகள் பாத்தியெங்கும் கத்திக்கொண்டு ஓடின. மரத்தடிக்கு வந்ததும் அவர் தயங்கினார். இது எப்போதிருந்து கோயில் என்று சந்தேகமாகக் கேட்டார். அழகம்மா பார்த்தாள், கல்லும் கத்தியும் மட்டும் போதாது போலிருந்தது. சின்ன வயதிலிருந்து திருவிழாக்களில் பார்க்காத சாமியாட்டமா? கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நாக்கைத் துருத்தினாள். உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஆண் குரலில் உறுமினாள்.

“நான் முனிடா! இந்த வாசப்படிய எவன் மிதிக்கிறானோ, அவன் வம்சம் வெளங்காது!”

கண்டாக்கு அவசரத்தில் ஒற்றைச் சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு இரண்டடி பின்னால் போனார். அலவாங்குக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அழகம்மாவின் அறை பிழைத்தது. அன்று சாயங்காலம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கண்டாக்கு ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டுகிற படத்தை வரைந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அட, அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்திருக்கக் கூடாதா!

மறுநாளே லெட்சுமி தேங்காயும் சூடமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். மகளுக்குக் காய்ச்சல், முனியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். போடி, கல்லுடி அது, என்று சொல்ல அழகம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் மத்தியானத்துக்குள் கண்டாக்கின் காதுக்குப் போய்விடும், அறை போய்விடும். பேசாமல் கதவைத் திறந்துவிட்டாள். காய்ச்சல் அது பாட்டுக்கு இறங்கிற்று, பெயர் முனிக்குப் போயிற்று. கோழிக்கூட்டைப் பறிகொடுத்தவர்கள், மகனுக்கு வேலை கிடைக்காதவர்கள், அட்டைக்கடி ஆறாதவர்கள் என்று ஜனம் வர ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று அழகம்மா பொறுத்துக்கொண்டாள். ஜனம் போன பிறகு கற்பூரப் புகை அடித்த அந்த அறையில் உட்கார்ந்து கொஞ்சம் வரைவாள். பிறகு அதற்கும் நேரம் கிடைக்காமல் போயிற்று.

அப்புறம் கமிட்டி போட்டார்கள். சிவசாமிதான் தலைவர், கேட்பானேன்? பூசைக்கு மூக்கன் வந்தான். பகலில் தோட்டத்துக்குக் காவல், மற்ற நேரமெல்லாம் உடுக்கையும் விபூதியுமாகத் திரிகிறவன். கமிட்டியில் ஆண்டியப்பனையும் சேர்த்தார்கள். ஃபெக்டரியில் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடாத மனுஷன், அவனுக்கு அன்று ஒரு மாலை விழுந்தது. அவன் அதைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். சாமி இருக்கிற இடத்தில் ஒரு பொம்பளை காலை நீட்டிப் படுப்பது அடுக்காது. வீட்டுக்குத் தூரமான நாளில் அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. முனி யார் மேல் முதலில் வந்ததோ அவளுக்கே இந்தச் சட்டம். அவள் பாய், போர்வை, கலர்க் கட்டி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு அடுப்படியில் கொண்டு வந்து வைத்தார்கள். சுவர்க் காகிதத்தைக் கிழிக்கும்போது சிவசாமி தன்னுடைய தபால்பெட்டி வாயைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யாரிடமும் காட்டவில்லை. நாலாக மடித்து, குப்பையோடு குப்பையாக நெருப்பில் போட்டுவிட்டு, அழகம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பலகைக்கெல்லாம் வெள்ளையும் சிவப்பும் பட்டை அடித்தார்கள்.

ஆடி மாதம் திருவிழா வைத்தார்கள். அழகம்மா அதுவரை விடவில்லை, மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை முனியாக வந்து அறையைக் காப்பாற்றியவள் இன்னொரு தடவை முனியாக வந்து மீட்டெடுக்க முடியாதா? தப்பு அங்கேதான் செய்தாள். தப்பட்டை உச்சத்துக்குப் போன நேரம் பார்த்துக் கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் பாய்ந்தாள்.

“எனக்கு இந்தக் கூட்டம் வேணாம்டா! எல்லாரும் போங்க! கதவச் சாத்துங்க! இவ ஒருத்தி மட்டும் உள்ள வந்து விளக்கு வைக்கட்டும்!”

கூட்டம் அடங்கிற்று. லெட்சுமி விழுந்து கும்பிட்டாள். அழகம்மாவுக்குக் கதவு கண்ணெதிரே தெரிந்தது, நாலடி தூரம்கூட இல்லை. அப்போது சிவசாமி மூக்கனின் காதில் என்னவோ சொன்னார். மூக்கன் ரொம்பப் பணிவாகக் குனிந்து வந்தான்.

“சாமி, வந்தது நீங்கதான்னு புள்ளைங்க தெரிஞ்சுக்கணும். கைய நீட்டுங்க.”

போன தடவை எதிரே நின்றது கண்டாக்கு. லயத்தில் யாருக்கும் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை, முனி வந்தது எல்லாருக்குமே வசதியாக இருந்தது. இந்தத் தடவை அப்படியா? நிஜமான அருள் என்றால் உள்ளங்கையில் கற்பூரம் எரிந்து முடிகிற வரை கை அசையாது என்பது அங்கே சட்டம். அழகம்மாவுக்கும் அது தெரியும். நீட்டினாள். மூக்கன் மூன்று கட்டியை வைத்துப் பற்ற வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பொறுத்துக்கொள்ள அவள் பட்ட பாட்டைச் சாமி ஆடுகிற எந்த ஆம்பளையும் பட்டிருக்க மாட்டான். தோல் கருகுகிற வாடை வந்தது. கட்டி பாதி எரிவதற்குள் கை தானாக உதறிக்கொண்டது.

முனி இல்லை, முனி வேஷம் போட்டு வந்த பேய் என்று மூக்கன் அறிவித்தான். வேப்பங்குலையை எடுத்தான், அது போதாதென்று சாட்டையை எடுத்தான். சுமன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான், கொழுந்தன் இன்னொரு கையை. அம்மாவுக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று சுமன் அழுதுகொண்டேதான் பிடித்தான். நாலாவது அடியில் அழகம்மா சாமியையும் விட்டாள், வேஷத்தையும் விட்டாள்.

“அது கல்லு! கதவுக்கு முட்டு வச்ச கல்லு! நான் பொய் சொன்னேங்க, எல்லாம் பொய்! இது என் ரூமு!”

“பாத்தீங்களா, சாமியையே முட்டுக்கல்லுங்குது. பேயில்லாம வேற யாரு இப்பிடிப் பேசுவா?” என்றான் மூக்கன்.

அழகம்மா ஆண்டியப்பனைத் தேடினாள். அவன் கமிட்டிக்காரர்களோடு, கழுத்தில் மாலையோடு நின்றான். அந்தக் கல்லை ஓடையிலிருந்து தோளில் தூக்கி வந்தவன். அது மஞ்சள் பூசிக்கொண்டதை வாசலில் நின்று பார்த்தவன்.

“நீங்க சொல்லுங்க. நீங்கதானே தூக்கியாந்தீங்க?”

ஆண்டியப்பன் மாலையைச் சரி செய்துகொண்டான். “எனக்குத் தெரியாது. அவ பேசல, அவளுக்குள்ள இருக்கிறது பேசுது” என்றான்.

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. அடித்தார்கள், அடி வாங்கினாள். உச்சி மயிரில் ஒரு கொத்தைப் பிடித்து அறுத்து, அறைக்குப் பக்கத்தில் நிற்கிற யூகலிப்டஸ் மரத்தில் ஆணியடித்து, பேயை அதில் கட்டியாயிற்று என்றார்கள். அந்த மரத்தைத் தாண்டி அவள் காலெடுத்து வைத்தால் பேய் மறுபடி ஏறிக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். இனி ஞாயிறுதோறும் மரத்துக்கு இந்தப் பக்கம் வாசல் கூட்டினால் தோஷம் கழியும் என்று சிவசாமி பெரிய மனது பண்ணி ஒரு வழியும் சொன்னார்.

வலது உள்ளங்கைத் தோல் சுருங்கிப் போய்விட்டது. கொழுந்து பறிக்க முடிகிறது, விரல்கள் அதற்கு ஓடுகின்றன. கரிக்கட்டியைப் பிடித்தால்தான் நடுங்குகிறது. லயத்தில் இப்போது அவளிடம் எல்லாரும் அன்பாகத்தான் நடந்துகொள்கிறார்கள். பேய் பிடித்துத் தெளிந்தவள் என்று லெட்சுமி அவ்வப்போது கஞ்சிகூடக் கொண்டு வந்து கொடுக்கிறாள்.

முனி கோயிலின் பெயர் எதிர் மேட்டுக்கும் போயிற்று. பட்டை அடித்த குட்டிக் கோயில், மரத்தில் ஆணியடித்த கூந்தல், இதெல்லாம் பார்க்க அங்கே தங்குகிறவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. தகரம் இப்போது யார் கண்ணையும் உறுத்தவில்லை. சுமன்தான் அழைத்து வருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தங்கியிருந்த பணக்காரப் பெண், கொழும்பு நோனா ஒருத்தி வந்தாள். அழகம்மா வயதுதான் இருக்கும். மரத்திலிருந்த மயிரைப் படம் எடுத்தாள், கோயிலுக்குள் எட்டிப் பார்த்தாள், பிறகு சுமனிடம் ஏதோ கேட்டாள். உள்ளே கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்கிறாள் என்று சுமன் சொன்னான். மூக்கன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அதற்கென்ன, தாராளமாக என்றான். பொம்பளை, தூரம், தோஷம் எதுவும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

நோனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் கீச்சென்று விழுந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் விளக்குமாறோடு நின்ற அழகம்மாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. 

நோனா வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது, கண் ஈரமாக இருந்தது. சுமனிடம் நிறையப் பேசினாள். வழியில் நின்ற அழகம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைக் கார் வரை கொண்டு விட்டுவிட்டு, சுமன் சந்தோஷமாக ஓடி வந்தான்.

“அம்மா, அந்த நோனா என்னா சொல்லிச்சு தெரியுமா? பொம்பளையாப் பொறந்தவளுக்கு இந்த மாதிரி ஒரு சின்ன எடம் போதுமாம். இங்க இருக்கிறவங்க குடுத்து வச்சவங்களாம்.”

அழகம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“தாழ்ப்பாளுக்கு ஒரு சொட்டு எண்ணெ விடச் சொல்லுடா மூக்கன்கிட்ட” என்றாள். “கத்துது.”

சொல்கிறேன் என்றான் சுமன். அவள் குனிந்து, மரம் வரைக்கும் கூட்டிவிட்டுத் திரும்பினாள்.